வாசிக்கிற கையைக் காட்டும் படங்கள்

முகூர்த்த நாள் என்றால் சங்கராபுரத்து மண்டபங்களில் விடியற்காலையிலேயே நாதஸ்வரம் ஒலிக்கத் தொடங்கிவிடும். மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், தாலிகட்டு, சாப்பாட்டுப் பந்தி என்று அந்தக் குழு மணிக்கணக்கில் வாசிக்கிறது. அவ்வளவு நேரத்திலும் கூட்டம் அவர்களைப் பார்த்துச் சொல்வது ஒரே ஒரு சொல்தான்: கெட்டிமேளம்! வாசித்தவர் யார், எந்த ஊர், யாரிடம் கற்றார், சற்று முன் வாசித்தது என்ன ராகம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கக்கூடாது என்பதல்ல, கேட்கும் பழக்கம் ஊருக்கு இல்லை. மேடை ஓரத்தில் இருக்கும் அந்த நால்வரை முழு மனிதர்களாக, கோபமும் காதலும் பசியும் கௌரவமும் உள்ளவர்களாகத் தமிழர்களின் கண்முன் நிறுத்திய ஒரே இடம் சினிமா. அதனால்தான் இசைக்கலைஞர்களைப் பற்றிய படங்களைப் பார்க்கச் சொல்வது, மற்ற ஊர்களைவிட இந்த ஊருக்கு அவசியமான பரிந்துரையாகிறது.

சென்னை மியூசிக் அகாடமி இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். மார்கழிக் கச்சேரிகளின் செய்தி நாளிதழில் வரும், கச்சேரி வராது. ஆனால் இதை வைத்து இந்தப் பக்கத்துக்குச் சாஸ்திரிய சங்கீதம் அந்நியம் என்று நினைத்தால் அது தவறு. பழைய தென்னாற்காடு மாவட்டம் முழுவதும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியத் தெருக்கூத்து நடந்திருக்கிறது. கூத்தில் முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் உண்டு. முகவீணை நாதஸ்வரத்தின் சின்னஞ்சிறு உறவுக்காரி. அர்ச்சுனன் தபசுக்கும் பதினெட்டாம் போருக்கும் கண்விழித்த காதுகளுக்கு மோகனத்தையும் முகாரியையும் பெயர் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், அடையாளம் தெரியும். அதே தென்னாற்காட்டின் சிதம்பரத்தில்தான் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1941இல் அங்கே கூடிய தமிழிசை மாநாடு, தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரி மேடையில் இடம் கேட்டது. சங்கராபுரம் அப்போது அந்த மாவட்டத்தின் மேற்குக் கோடி. 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குள் வந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது.

எந்தப் படங்களைப் பார்ப்பது என்பதற்கு ஒரு எளிய அளவுகோல் வைக்கலாம். பாட்டு நன்றாக இருக்கிறதா என்பது போதாது. நல்ல ராகத்தில் பாட்டு உள்ள படங்கள் தமிழில் நூற்றுக்கணக்கில் உண்டு. இசையை ஒரு வேலையாக அந்தப் படம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். விடியற்காலைச் சாதகம், வாத்தியத்தின் எடை, வாங்குகிற சம்பளம், உட்காரவைக்கும் இடம், கூட வாசிப்பவரோடு உள்ள உறவு, மேடையில் ஏறும் முன்பு கையில் வருகிற நடுக்கம். இவற்றைக் காட்டாத படத்தில் வாத்தியம் வெறும் அலங்காரப் பொருள்.

இந்த அளவுகோலில் முதலிடம் இன்றைக்கும் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்குத்தான். 1968இல் ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் வந்தது. ‘கலைமணி’ என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, கோபுலுவின் ஓவியங்களோடு வீடுவீடாகப் படிக்கப்பட்டது. பெயரிலேயே விழுப்புரத்தைத் தாங்கிய வி.சி. கணேசன், அதாவது சிவாஜி, சிக்கல் சண்முகசுந்தரமாக நாதஸ்வரத்தைத் தூக்கினார். வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமனும் எம்.பி.என். பொன்னுசாமியும். இசை கே.வி. மகாதேவன்.

படத்தை மறுபடி பார்ப்பவர்கள் ஒரு முறை வசனத்தை விட்டுவிட்டுச் சிவாஜியின் விரல்களையும் கன்னத்தையும் மட்டும் கவனிக்க வேண்டும். நாதஸ்வரத்தில் வாசிக்கும் துளைகள் ஏழு. கீழே சுருதிக்காக விடப்பட்ட ஐந்து துளைகள் தனி. அரைச் சுரத்துக்கெல்லாம் சாவி கிடையாது. உதட்டின் அழுத்தமும் மூச்சின் அளவும் துளையைப் பாதி மூடுகிற விரலும்தான் கமகத்தைக் கொண்டுவர வேண்டும். நீளமான ஒரு பிடியில் மூச்சு எங்கே தீரும், எங்கே கன்னம் உப்பும், எங்கே கண் இறுகும் என்பதெல்லாம் அவர் முகத்தில் சரியான இடத்தில் வருகிறது. அருகில் ‘கலியுக நந்தி’ முத்துராக்காக டி.எஸ். பாலையா தவிலோடு உட்கார்ந்திருப்பார். துணியைப் பசையோடு சுற்றிக் காயவைத்த விரல்கூடுகளை மாட்டிக்கொண்டு வலது கை, கழியைப் பிடித்தபடி இடது கை என்று அந்த மனிதர் வாத்தியத்தை ஆள்கிற விதத்தில், பல வருடம் மேளத்தோடு ஊர் ஊராகச் சுற்றியவரின் உடம்பு தெரிகிறது.

இன்னொரு விஷயம் இந்தப் படத்தைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படவில்லை. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்தது பெரிய மேளம். சதிராட்டக் குழு சின்ன மேளம். கோயிலிலும் ஜமீனிலும் பிழைத்த இரண்டு உலகங்கள் இவை. சண்முகசுந்தரமும் சதிர் ஆடும் மோகனாவும் மோதிக்கொள்வது இரண்டு தனி மனிதர்களின் ரோஷம் மட்டுமல்ல, இரண்டு மேளங்களின் கௌரவப் போட்டி. கூடவே, ஆடுகிற பெண்ணைப் பணத்தால் வாங்கிவிடலாம் என்று நினைக்கும் மைனர், மகாராஜா, நடுவில் தரகு பேசும் வைத்தி. நாகேஷின் நடிப்பில் சிரித்துக்கொண்டே பார்த்துவிட்டாலும், அந்தக் காலத்துக் கலைஞர்களுக்குப் புரவலர்களால் வந்த ஆபத்து அத்தனையும் அந்தப் பாத்திரத்துக்குள் இருக்கிறது. மனோரமாவின் ‘ஜில் ஜில்’ ரமாமணி நாடகக் கொட்டகையின் உழைப்பாளி. கச்சேரி மேடைக்கு வெளியே இருந்த கலைஞர்களையும் நாகராஜன் மறக்கவில்லை.

இந்த வாத்தியம் எப்படி உருவாகிறது என்பதை மட்டும் படம் காட்டவில்லை. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிறார்கள்; 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊதுகிற சீவாளி கொறுக்கைத் தட்டையிலிருந்து வருகிறது, திருவாவடுதுறைச் சீவாளிக்குத் தனி மதிப்பு. மண்டபத்தில் வாசிப்பவரின் வாத்தியத்தில் நூலில் கோத்துத் தொங்கும் மாற்றுச் சீவாளிகளையும் அவற்றைச் சரிசெய்யும் ஊசியையும் அருகில் போனால் பார்க்கலாம். ஒரு சீவாளி ஈரம் ஏறிச் சொதசொதத்துவிட்டால் வாசிப்பை நிறுத்தாமல் இன்னொன்றை மாற்றுகிற கைப்பழக்கம், பார்க்கத் தெரிந்தவருக்குப் பெரிய வித்தை.

திருவாவடுதுறை என்றதும் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. குட்டையான திமிரி நாதஸ்வரத்தின் காலத்தில் நீளமான பாரி நாதஸ்வரத்தை நிலைநாட்டியவர். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதற்குத் துணை நின்றார். கிராப் வைத்துக்கொண்டு, கோட்டு அணிந்து, வாய்ப்பாட்டு வித்வான்களுக்கு உள்ள மரியாதை தனக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அவரே நாயகனாக நடித்து 1940இல் ‘காளமேகம்’ வந்தது. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். ஒரு நாதஸ்வரக்காரரைக் கதாநாயகனாக்க அன்றைய சினிமா தயங்கவில்லை என்பது இன்று நினைத்தாலும் வியப்பளிக்கிறது. அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பைக் கேட்க 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ போதும். எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசையில், எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சியாரின் ஆபேரியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகிற ‘சிங்காரவேலனே தேவா’ பாட்டுக்காகவே அந்தப் படத்தை வைத்துக்கொள்ளலாம். கதை சுமார்தான். ஆனால் அந்தப் பாட்டில் குரல் வாத்தியமாகவும் வாத்தியம் குரலாகவும் மாறுகிறது. இரண்டே ஆண்டுகளில், 1964இல், காருகுறிச்சியார் இறந்துபோனார்.

சங்கீத வித்வான்களே நடிகர்களாக இருந்த 1930களையும் 40களையும் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘சேவாசதனம்’ (1938), ஜி.என். பாலசுப்பிரமணியத்தோடு ‘சகுந்தலை’ (1940), ‘மீரா’ (1945), முசிரி சுப்பிரமணிய ஐயரின் ‘துக்காராம்’ (1938) என்று பட்டியல் நீளும். ஒலிப்பதிவின் தேய்மானத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்கள் ‘மீரா’விலிருந்து தொடங்கலாம். சங்கராபுரத்து வாசகருக்கு அதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது ‘நந்தனார்’ கதை. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஆண்வேடத்தில் நந்தனாராக நடித்தார். ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்று நாடே பேசியது. எதிரில் வேதியராக நின்றவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1942இல் ஜெமினி அதே கதையை எடுத்தபோது நந்தனார் எம்.எம். தண்டபாணி தேசிகர். சிதம்பரத்துக் கோயில் வாசலுக்குள் நுழையமுடியாத ஒரு பண்ணையாளின் வேதனையை, கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைகள் வழியாக, சபாக்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களும் உருகிக் கேட்டார்கள். உருகியவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் நடத்தையை மாற்றிக்கொண்டார்கள் என்ற கேள்வியையும் கையோடு எடுத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்து நின்று பேச வேண்டிய படம் ‘சிந்து பைரவி’. 1985இல் கே. பாலசந்தர் எடுத்தது. ஜே.கே.பி. என்ற பாடகராகச் சிவகுமார், சிந்துவாகச் சுஹாசினி, மனைவி பைரவியாகச் சுலக்‌ஷனா. சுஹாசினிக்கும் இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. கச்சேரியில் தெலுங்குக் கீர்த்தனைகளையே அடுக்கிக்கொண்டு போகும் பாடகரிடம், கேட்பவர்களுக்குப் புரிகிற மொழியில் பாடக்கூடாதா என்று ஒரு பெண் கூட்டத்திலிருந்து எழுந்து கேட்கிறாள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழிசை மாநாடு நாற்பத்து நான்கு வருடம் முன்பு கேட்ட அதே கேள்வி. பதிலாக இளையராஜா செய்தது அற்புதம். சிந்து சாதாரணச் சொற்களில், நாட்டுப்புறச் சாயலில் ஒரு பாட்டைத் தொடங்குகிறாள். அது சாரமதி ராகத்தில் நடந்து போய், தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையோடு கலந்துவிடுகிறது. காம்போஜியில் பாடப்பட்டு வந்த கீர்த்தனையைச் சாரமதிக்குக் கொண்டுவந்த துணிச்சலைப் பற்றி வித்வான்கள் வாதிட்டார்கள். வாதிடட்டும். ராகம் மாறும்போது கீர்த்தனைக்கு என்ன ஆகிறது என்ற விவாதத்தைக் கர்நாடக சங்கீதத்தோடு சம்பந்தமே இல்லாத ரசிகர்கள் வரை கொண்டுபோனது அந்தப் பாட்டுதான்.

இந்தப் படத்தில் குடிக்கு உள்ள இடம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்களுக்கு வெறும் கதை அல்ல. மிருதங்க வித்வான் குருமூர்த்தியாக வரும் டெல்லி கணேஷ் குடித்துவிட்டு வந்ததற்காக ஜே.கே.பி. அவரை மேடையிலிருந்து விலக்குகிறார். பிறகு அதே ஜே.கே.பி. குடியில் விழுந்து, ஒரு மடக்குக்காகப் பாடுகிற நிலைக்கு வருகிறார். கை நடுங்கினால் தாளம் போயிற்று, குரல் கரகரத்தால் பிழைப்பு போயிற்று என்பது கலைஞர் குடும்பங்களுக்குத் தெரிந்த நிஜம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த மாவட்டம் இது. அந்த வீடுகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ‘சிந்து பைரவி’யைத் திரையிட்டுப் பேசுவதாக இருந்தால், பாட்டோடு நிறுத்திவிடக் கூடாது.

படத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். சங்கீதம் தெரியாத மனைவி என்பதற்காகப் பைரவியைப் பாலசந்தர் பாதிப் படம் வரை குறைத்தே காட்டுகிறார். கணவனின் ரசனைக்கு ஈடுகொடுக்க முடியாதது ஒரு குற்றம் போலவும், அவர் இன்னொரு பெண்ணிடம் போவதற்கு அது காரணம் போலவும் கதை நகர்கிறது. சுலக்‌ஷனா மட்டும் அந்தப் பாத்திரத்துக்குத் திரைக்கதை கொடுத்ததைவிட அதிக மரியாதையைத் தன் நடிப்பால் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறார்.

தெலுங்கிலேயே தமிழ்நாட்டில் ஓடிய ‘சங்கராபரணம்’ (1980) பற்றித் தெரியாதவர்கள் குறைவு. ஆந்திராவில் துணை ஆட்சியராக இருந்த ஜே.வி. சோமயாஜுலு, சங்கர சாஸ்திரியாக நிமிர்ந்து நடந்தார். முறையாகச் சாஸ்திரிய சங்கீதம் பயிலாத எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவருக்காகப் பாடித் தேசிய விருது வாங்கினார். கே. விஸ்வநாத்தின் அந்தப் படத்தில் மேற்கத்திய இசை பாடும் இளைஞர்களைச் சாஸ்திரி மடக்குகிற காட்சிக்குக் கைதட்டல் அதிகம். உண்மையில் அது படத்தின் பலவீனமான இடம். ஓர் இசையை உயர்த்த இன்னோர் இசையைத் தாழ்த்தத் தேவையில்லை. தாசி குலத்தில் பிறந்த துளசிக்கு ஆதரவு தந்ததற்காக ஊர் அவரை ஒதுக்கும் பகுதிதான் படத்தின் உயிர். அதே விஸ்வநாத் 1992இல் எடுத்த ‘சுவாதி கிரணம்’ அதைவிடக் கூர்மையானது. பேர்பெற்ற குரு ஒருவர் சின்னப் பையன் ஒருவனின் ஞானத்தைக் கண்டு பொறாமையில் வெந்துபோகிறார். மம்மூட்டி அந்த குருவாக நடித்திருக்கிறார். மிலோஷ் ஃபோர்மனின் ‘அமேடியஸ்’ (1984) எட்டு ஆஸ்கர் விருதுகளை அள்ளியதும் இதே பொறாமையைச் சொல்லித்தான். மோட்சார்ட்டைச் சக இசையமைப்பாளர் சாலியேரி அழித்தார் என்பது வரலாறு அல்ல, கற்பனை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், திறமை கண்ணுக்குத் தெரிந்தும் அது தனக்கு வாய்க்கவில்லை என்கிற வலி வியன்னாவிலும் ஆந்திராவிலும் ஒரே மாதிரிதான் எரிக்கிறது என்பது விளங்கும். கன்னடத்தில் ஜி.வி. ஐயரின் ‘ஹம்ஸகீதே’ (1975) பொறுமை உள்ளவர்களுக்கு. பாலமுரளிகிருஷ்ணாவின் குரல் அந்தப் பொறுமைக்குக் கூலி கொடுத்துவிடும்.

இத்தனை படங்களும் தொடாத ஓர் இடத்தை 2019இல் திரைக்கு வந்த ‘சர்வம் தாள மயம்’ தொட்டது. ராஜீவ் மேனன் இயக்கம், ஏ.ஆர். ரஹ்மான் இசை. மிருதங்கம் செய்பவரின் மகன் பீட்டர், மிருதங்கம் வாசிக்க ஆசைப்படுகிறான். ஜி.வி. பிரகாஷ் பீட்டராகவும், குமரவேல் அப்பா ஜான்சனாகவும், மறைந்த நெடுமுடி வேணு வேம்பு ஐயராகவும் நடித்தார்கள். மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமனைப் பற்றி ஆவணப்படம் எடுத்த அனுபவத்திலிருந்து பிறந்த கதை இது.

மிருதங்கத்தின் கட்டை பலாமரம். வலந்தலைக்கும் இடந்தலைக்கும் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும், இழுத்துக் கட்ட எருமைத்தோல் வாரும் வேண்டும். வலந்தலையின் நடுவில் உள்ள கருப்பு வட்டத்தைக் கிட்டான் கல்லின் பொடியைச் சோற்றோடு குழைத்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து, காயவிட்டு, மறுபடி பூசி உருவாக்குகிறார்கள். ஓர் அடுக்கு பிசகினால் நாதம் பிசகும். ஆகவே செய்கிறவரின் காது வாசிக்கிறவரின் காதுக்குக் குறைந்ததல்ல. ஆனால் தோலைத் தொடுகிற கையை மேடைக்கு வெளியே வைத்துவிட்டு, அந்தத் தோலிலிருந்து வரும் ஒலியை மட்டும் மேடையில் ஏற்றிய வழக்கம் தலைமுறைகளாக நடந்திருக்கிறது. இதைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலில் விரிவாக எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறு இடத்தில் நடந்தது. இந்த விஷயம் இன்னும் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

‘சர்வம் தாள மயம்’ கடைசியில் தொலைக்காட்சிப் போட்டிக்குள் போய் மாட்டிக்கொள்வது வருத்தம்தான். கலைஞன் ஜெயித்ததைக் காட்ட ஒரு கோப்பை தேவை என்று இயக்குநர் நினைத்துவிட்டார். ஆனாலும், பறையும் தவிலும் உறுமியும் கேட்டு வளர்ந்த ஒரு கிராமத்துப் பையன் “இது எனக்கும் உரியதுதானே” என்று கேட்கும் தைரியத்தை இந்தப் படம் தருகிறது. அந்த ஒரு காரணத்துக்காகப் பள்ளிகளில் முதலில் போட வேண்டிய படம் இதுதான்.

பெரியவர்களுக்கு இன்னும் இரண்டு. சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’, பரதக் கலைஞர் டி. பாலசரஸ்வதியைப் பற்றிய ஆவணப்படம். அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தமிழ்நாடு அரசும் அதன் தயாரிப்பில் பங்கேற்றது. வீணை தனம்மாளின் பேத்தி கடற்கரைக் காற்றில் புடவை பறக்க நின்று அபிநயம் பிடிக்கிற காட்சியைக் குறை சொன்ன விமர்சகர்கள் உண்டு. அது கிடக்கட்டும், அந்த முகத்தில் ஒரு பாட்டின் வரி எத்தனை விதமாக மாறுகிறது என்பதற்கு வேறு சாட்சியம் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது அரிது. இரண்டாவது, சைதன்ய தம்ஹானேயின் மராத்திப் படம் ‘தி டிசைப்பிள்’. 2020இல் வெனிஸ் விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருது பெற்றது. இந்துஸ்தானி கற்கும் சரத், நள்ளிரவு மும்பைச் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் மெதுவாகப் போகிறான். காதில் ஒரு மறைந்த பாடகியின் உரை. கலைக்காகத் துறவு பூண வேண்டும் என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அவன் உழைக்கிறான், உழைத்தும் மேதையாகவில்லை. சங்கீதம் கற்ற ஆயிரம் பேரில் பெரும்பாலோரின் கதை அதுதான். அதைச் சொல்லத் துணிந்த படம் இந்தியாவில் வேறு எதுவும் இந்த அளவுக்கு நேர்மையாக இல்லை.

தமிழில் இன்னும் எடுக்கப்படாத படங்களின் பட்டியலும் மனதை உறுத்துகிறது. ஆண்கள் மட்டுமே வாசித்துவந்த நாதஸ்வரத்தைக் கையிலெடுத்த மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய், ஸ்ரீரங்கத்தில் குடியேறி ராகத்தால் ஊரை வசப்படுத்திய ஷேக் சின்ன மௌலானா, ராஜரத்தினம் பிள்ளையின் வாழ்க்கை முழுவதும் என ஒவ்வொன்றும் படமாகும் கதை. கரிசல் மண்ணின் நாதஸ்வரக் கலைஞர்கள் பட்ட அவமானங்களைச் சொல்லும் எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ நாவலுக்கு 2018இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. ‘தில்லானா மோகனாம்பா’ளுக்குப் பிறகு அரை நூற்றாண்டில் நாதஸ்வரக்காரனுக்கு என்ன ஆயிற்று என்று அந்த நாவலில் இருக்கிறது. தயாரிப்பாளர் யாராவது அதைக் கையிலெடுக்க வேண்டும்.

படங்களில் பழையவை பலவும் யூடியூபில் கிடைக்கின்றன. ஆனால் ஆளுக்கொரு கைபேசியில் தனித்தனியே பார்ப்பதில் இந்தப் படங்களின் பாதிப் பயன் போய்விடும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் திரையிடும் திட்டம் இருக்கிறது. கலைத் திருவிழாவும் நடக்கிறது. சங்கராபுரத்துப் பள்ளிகளிலும், வெள்ளிமலைப் பக்கம் கல்வராயன் மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் இந்தப் படங்களில் ஒன்றிரண்டைச் சேர்க்கப் பெரிய செலவு ஆகாது. நீளம் அதிகம் என்றால் ‘தில்லானா மோகனாம்பா’ளை இரண்டு வாரமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

திரையிடும் நாளில் உள்ளூர் மேளக்குழு ஒன்றையும் அழைக்க வேண்டும். படம் முடிந்ததும் நாதஸ்வரக்காரர் சீவாளியைக் கழற்றிக் காட்டட்டும். தவில்காரர் விரல்கூட்டை ஒரு பிள்ளையின் விரலில் மாட்டிவிடட்டும். ஒரு ராகத்தைக் கால் மணி நேரம் யாரும் நடுவில் பேசாமல் கேட்கட்டும். கற்க ஆசைப்படும் பிள்ளைக்கு விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருப்பதையும், நாதஸ்வரம், தவில், மிருதங்கம், வயலின், தேவாரம் எல்லாம் அங்கே கற்றுத் தருவதையும் அன்றைக்கே சொல்லிவிடலாம்.

வருகிற கலைஞர்களுக்குச் சால்வை மட்டும் போர்த்தி அனுப்பும் வழக்கம் இங்கே வேண்டாம். முகூர்த்த நாளில் ஒரு மண்டபம் கொடுக்கும் தொகையாவது அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அந்தச் செலவை ஏற்கப் பெற்றோர் ஆசிரியர் கழகமும் பேரூராட்சியும் ஊர்ச் சங்கங்களும் முன்வரலாம். அழைப்பிதழில் தலைமையாசிரியர், சிறப்பு விருந்தினர் பெயர்களோடு நாதஸ்வரம் யார், தவில் யார், ஒத்து யார், தாளம் யார் என்று நால்வர் பெயரும் ஊரும் அச்சாக வேண்டும்.